வாசலில் தொலையும் வரிகள்

1,25,000 ரூபாயை ஒற்றை ரூபாயாக்கத் திருடன் தேவையில்லை. இரண்டு கமாக்கள் போதும். ஒரு கூட்டுறவு வங்கியின் கடன் பட்டியல் என்று வைத்துக்கொள்ளலாம். உறுப்பினர் எண், பெயர், கடன் தொகை என வரிக்கு மூன்று விவரங்கள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு கமா. பட்டியல் போட்டவர் தொகையை நம் நாட்டு வழக்கப்படி 1,25,000 என்று எழுதி, அதை மேற்கோள் குறிக்குள் அடைக்க மறந்துவிட்டார். கோடிக்கணக்கான வரிகளை அலசும் ஸ்பார்க் என்ற மென்பொருளிடம் இந்தப் பட்டியலைக் கொடுத்து, வரிக்கு மூன்று கட்டங்கள் என்று சொன்னால், அது மூன்றாவது கட்டத்தில் 1 என்று குறித்துக்கொள்ளும். மீதமுள்ள 25-ஐயும் 000-ஐயும் கீழே போட்டுவிடும். வேறு கட்டளை எதுவும் இல்லாவிட்டால், அதன் இயல்பான நடத்தை அதுதான். மணி அடிக்காது, சிவப்பு விளக்கு எரியாது. காலையில் அழகான வரைபடங்களுடன் அறிக்கை தயாராக இருக்கும்.

இதில் யாரைக் குற்றம் சொல்வது? எழுதியவர் பள்ளிக்கூடத்தில் படித்தபடி எழுதினார். மென்பொருள் தன் விதிப்படி நடந்தது. நூறு கம்ப்யூட்டர்கள் சேர்ந்து போட்ட கூட்டலிலும் தப்பில்லை. தப்பு நடந்த இடம் வாசல். தகவல் வெளியிலிருந்து உள்ளே ஏறும் அந்தச் சில நிமிடங்கள். தகவல் தொழில்நுட்பத்தில் புகழும் சம்பளமும் அலசுகிறவர்களுக்கும் ஆரூடம் சொல்கிறவர்களுக்கும் போகின்றன. ஃபைலை ஏற்றுவது எடுபிடி வேலை என்று பெயர் வாங்கியிருக்கிறது. ஆனால் ஒரு மனிதர் கணக்கில் வருகிறாரா, காணாமல் போகிறாரா என்பது பல நேரங்களில் அந்த எடுபிடி வேலையில்தான் முடிவாகிறது.

யானையின் பசி

இவ்வளவு முன்னேறிய காலத்தில் சாதாரண டெக்ஸ்ட் ஃபைலுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். வங்கியின் மென்பொருள் மருத்துவமனைக்குப் புரியாது. மின்வாரியத்தின் மென்பொருள் டெலிபோன் கம்பெனிக்குப் புரியாது. எல்லோருக்கும் பொதுவாகத் தெரிந்த பாஷை, வெறும் எழுத்துகளும் எண்களும் வரிவரியாக இருக்கும் டெக்ஸ்ட் ஃபைல்தான். அதிலும் கமா போட்டுப் பிரித்த சிஎஸ்வி வகைக்கு உலகம் முழுக்கச் செல்வாக்கு. வேடிக்கை என்னவென்றால், பல பத்தாண்டுகள் புழக்கத்தில் இருந்த பிறகு 2005-ல்தான் ஆர்எஃப்சி 4180 என்ற ஆவணத்தில் அதன் இலக்கணத்தை எழுதிவைத்தார்கள். அதுவும் தகவலுக்காக வெளியிட்டது. யாரையும் கட்டுப்படுத்தும் சட்டமல்ல. அதனால் ஊருக்கு ஒரு சிஎஸ்வி உண்டு. ஒருவர் கமா போடுகிறார், ஒருவர் அரைப்புள்ளி போடுகிறார், இன்னொருவர் இரண்டையும் கலந்து போடுகிறார்.

வரிகள் ஆயிரம், பத்தாயிரம் என்று இருந்தவரை ஒரு குமாஸ்தா கண்ணால் பார்த்தே திருத்திவிடுவார். இன்றைய அளவு வேறு. யூபிஐ மூலம் நடக்கும் பணப் பரிமாற்றங்கள் 2023 ஆகஸ்டில் முதல்முறையாக ஒரே மாதத்தில் 1,000 கோடியைத் தாண்டின. பரிமாற்றத்துக்கு ஒரு வரி என்றாலும் மாதத்துக்கு 1,000 கோடி வரிகள். ஒரு ஹார்ட் டிஸ்க் விநாடிக்கு 100 மெகாபைட் படிக்கும் என்று கொண்டால், 10 லட்சம் மெகாபைட், அதாவது ஒரு டெராபைட்டைப் படித்து முடிக்கவே 10,000 விநாடிகள் ஆகும். இரண்டே முக்கால் மணி நேரம். கூட்டல் கழித்தல் எல்லாம் அதற்குப் பிறகு. அதே ஃபைலை நூறு கம்ப்யூட்டர்கள் பங்குபோட்டுப் படித்தால் 100 விநாடியில் வேலை தீர்ந்தது.

இந்தப் பங்கு போடும் வித்தையை உலகத்துக்குச் சொன்னது கூகுள். 2003-ல், மலிவான கம்ப்யூட்டர்கள் பலவற்றில் ஒரு ஃபைலைப் பிரித்துச் சேமிக்கும் முறையை ஓர் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டது. 2004-ல், அப்படிப் பிரித்ததை இருந்த இடத்திலேயே அலசும் 'மேப்ரெட்யூஸ்' முறை பற்றி இன்னொரு கட்டுரை வந்தது. ஜெஃப் டீனுடன் சேர்ந்து அதை எழுதியவர் சஞ்சய் கெமாவத். ராஜஸ்தானின் கோட்டாவில் வளர்ந்தவர். இந்தக் கட்டுரைகளைப் படித்த டக் கட்டிங், மைக் கஃபரெல்லா என்ற இரு அமெரிக்கர்கள் அதே முறையை எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கும் மென்பொருளாக எழுதினார்கள். 2006-ல் அது தனித் திட்டமானபோது, கட்டிங்கின் மகன் வைத்து விளையாடிய மஞ்சள் யானை பொம்மையின் பெயரையே வைத்தார்கள்: ஹடூப்.

யானைக்குத் தீனி டெக்ஸ்ட் ஃபைல்கள். யாஹூவும் ஃபேஸ்புக்கும் வளர்த்த யானை சில ஆண்டுகளில் இந்தியாவுக்கும் வந்தது. மகாராஷ்டிராவின் நந்துர்பார் மாவட்டத்துத் தெம்ப்ளி கிராமத்தில் 2010 செப்டம்பர் 29 அன்று முதல் எண்ணை வழங்கிய ஆதார் ஆணையம், தன் தொழில்நுட்ப அமைப்பைப் பற்றி வெளியிட்ட ஆவணங்களில் ஹடூப்பையும் குறிப்பிட்டிருக்கிறது. இதற்குள் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மத்தேய் ஸஹாரியா என்ற ஆராய்ச்சி மாணவர் 2009-ல் ஸ்பார்க்கைத் தொடங்கியிருந்தார். 2013-ல் 100 டெராபைட்டுக்குச் சற்று மேலான தகவலை வரிசைப்படுத்த ஹடூப்புக்கு 2,100 கம்ப்யூட்டர்களும் 72 நிமிடங்களும் தேவைப்பட்டன. அடுத்த ஆண்டே ஸ்பார்க் 206 கம்ப்யூட்டர்களை வைத்துக்கொண்டு 100 டெராபைட்டை 23 நிமிடத்தில் முடித்தது. வேகத்தைப் பற்றி இனி யாருக்கும் சந்தேகம் இல்லை. சந்தேகம் வாசலைப் பற்றித்தான்.

பாதி வரி யாருக்கு?

ஹடூப்பின் சேமிப்புக் கிடங்கில் ஒரு ஃபைல் நுழைந்ததும் அதைத் துண்டு போடுகிறார்கள். இரண்டாம் பதிப்பிலிருந்து ஒரு துண்டின் வழக்கமான அளவு 128 மெகாபைட். அதற்கு முன்பு 64. ஒவ்வொரு துண்டுக்கும் மூன்று பிரதிகள் எடுத்து வெவ்வேறு கம்ப்யூட்டர்களில் வைக்கிறார்கள். ஒன்று படுத்துவிட்டாலும் மற்ற இரண்டு இருக்கும். இதுவரை சரி. ஆனால் வெட்டுகிற கத்திக்கு மொழி தெரியாது. 128 மெகாபைட் எங்கே முடிகிறதோ அங்கே வெட்டும். அந்த இடத்தில் ஒருவரின் பெயர் பாதியில் இருக்கலாம். இன்று வழக்கத்தில் உள்ள யூடிஎஃப்-8 முறையில் 'க' என்ற ஓர் எழுத்துக்கு மூன்று பைட் இடம் வேண்டும். அதில் ஒரு பைட் ஒரு கம்ப்யூட்டரிலும் மற்ற இரண்டு பைட் வேறொரு கம்ப்யூட்டரிலும் போய் உட்காரலாம்.

இதற்கு ஹடூப் கண்டுபிடித்த தீர்வு எளிமையானது, அழகானதும்கூட. ஒரு புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் பிரித்து ஒரு வகுப்பு மாணவர்களுக்குக் கொடுத்துப் படிக்கச் சொல்வது போல நினைத்துக்கொள்ளலாம். விதிகள் இரண்டு. முதல் பக்கக்காரனைத் தவிர மற்ற எல்லோரும் தங்கள் பக்கத்தில் முதலில் வரும் வரியைத் தொடாமல் விட்டுவிட வேண்டும். அதே சமயம் ஒவ்வொருவரும் தன் பக்கத்தின் கடைசி வரியை, அது பக்கத்து மாணவனின் தாளுக்குள் போனாலும், எட்டிப் பார்த்துப் படித்து முடிக்க வேண்டும். எந்த வரியும் விடுபடாது. எந்த வரியும் இரண்டு தடவை எண்ணப்படாது. ஒருவரோடொருவர் பேசிக்கொள்ள வேண்டிய அவசியமும் இல்லை.

ஆனால் இந்த ஏற்பாடு முழுவதும் ஒரே ஒரு நம்பிக்கையின் மேல் நிற்கிறது: வரி முடிந்தால் விவரமும் முடிந்தது. நம் ஊர் விலாசங்கள் இந்த நம்பிக்கைக்கு அடங்குவதில்லை. கதவு எண்ணை எழுதிவிட்டு என்டர் தட்டி, தெருப் பெயரை எழுதி மறுபடி என்டர் தட்டி, 'பிள்ளையார் கோயில் எதிரில்' என்று மூன்றாவது வரியில் முடிக்கிறார் ஒருவர். மேற்கோள் குறிக்குள் அடைத்திருந்தாலும், வரிவரியாகப் படிக்கும் கம்ப்யூட்டருக்கு இது மூன்று ஆட்கள். ஒருவருக்குக் கதவு எண் மட்டும் உண்டு. ஒருவருடைய பெயர் தெருவின் பெயர். மூன்றாமவர் கோயில் எதிரில் நிற்கிறார். பல வரி விவரங்களைச் சேர்த்துப் படிக்கும்படி ஸ்பார்க்குக்குக் கட்டளையிட முடியும். கட்டளையிட்டால் அந்த ஃபைலைத் துண்டு போட முடியாது. முழுவதையும் ஒரே கம்ப்யூட்டர் படிக்க வேண்டியதுதான்.

அழுத்திச் சுருக்கிய ஃபைல்களிலும் இதே சிக்கல். இடம் மிச்சமாகும் என்று ஜிஜிப் முறையில் சுருக்கி அனுப்புவார்கள். அந்தச் சுருக்கத்தை நடுவிலிருந்து பிரிக்க முடியாது, ஆரம்பத்திலிருந்துதான் பிரித்தாக வேண்டும். விளைவு, நூறு கம்ப்யூட்டர்களில் ஒன்று உழைக்கும், தொண்ணூற்றொன்பது வேடிக்கை பார்க்கும். பிஜிப்2 என்ற இன்னொரு முறையில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அது மெதுவானது. எதிர்த்திசையிலும் ஆபத்து உண்டு. சின்னச் சின்ன ஃபைல்களாகக் கோடி ஃபைல்களைக் கொண்டுவந்து கொட்டினால், எது எங்கே இருக்கிறது என்ற பட்டியலை நினைவில் வைத்திருக்கும் தலைமைக் கம்ப்யூட்டர் திணறும். ஒரு ஃபைலுக்கும் அதன் துண்டுக்கும் தலா 150 பைட் என்பது பொறியாளர்கள் போடும் தோராயக் கணக்கு. கோடி ஃபைல்களுக்கு 3 கிகாபைட் நினைவாற்றல் பட்டியலுக்கே செலவாகிவிடும்.

காவலாளி போன கதை

மெதுவாக ஓடுவது தொந்தரவு. அது உடனே கண்ணுக்குத் தெரிந்துவிடும், திருத்தியும் விடலாம். தப்பாக ஏறி வேகமாக ஓடுவதுதான் ஆபத்து. இதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது.

பழைய டேட்டாபேஸ்களின் வாசலில் ஒரு காவலாளி நின்றார். எந்தக் கட்டத்தில் எண், எந்தக் கட்டத்தில் தேதி என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். எண் இருக்க வேண்டிய இடத்தில் எழுத்து வந்தால் காவலாளி உள்ளே விடமாட்டார். வங்கிக் கவுண்டரில் செலான் சரியில்லை என்று திருப்பிக் கொடுப்பார்களே, அது போல. எரிச்சலாக இருக்கும். ஆனால் உள்ளே போனது ஓரளவு சுத்தமாக இருக்கும்.

ஹடூப் காலத்தில் காவலாளியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். முதலில் எல்லாவற்றையும் உள்ளே கொட்டு; என்ன அர்த்தம் என்பதைப் படிக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்பது புதிய கொள்கை. ஃபேஸ்புக்கில் ஜாய்தீப் சென் சர்மா, ஆஷிஷ் துசூ ஆகியோர் உருவாக்கி 2008-ல் பொதுவில் வெளியிடப்பட்ட ஹைவ் என்ற மென்பொருள் இதற்கு நல்ல உதாரணம். அதில் ஃபைலை 'ஏற்று' என்று கட்டளையிட்டால், ஃபைல் இருந்த இடத்திலிருந்து கிடங்குக்கு நகர்கிறது, அவ்வளவுதான். உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. பிறகு யாராவது கேள்வி கேட்கும்போது, எண் இருக்க வேண்டிய கட்டத்தில் எழுத்து இருந்தால், அங்கே வெறுமை என்று பதில் வரும். ஸ்பார்க்கின் தொடக்க கால வழி இன்னும் ஒரு படி மேலே போனது. படி என்று சொன்னால் 'சரி' என்று தலையாட்டிவிட்டுச் சும்மா இருக்கும். விடை கேட்கும் நிமிடத்தில்தான் ஃபைலைத் திறக்கும். ஃபைலின் பெயரையே தப்பாகக் கொடுத்திருந்தாலும் அதுவரை தெரியாது.

காவலாளியை அனுப்பியவர்கள் முட்டாள்கள் அல்ல. அவர்கள் அலசியது இணையதளத்தின் வருகைப் பதிவேடு. எந்த நேரத்தில் எந்தப் பக்கத்தை எத்தனை பேர் பார்த்தார்கள் என்பது. விநாடிக்கு ஆயிரக்கணக்கில் வந்து விழும் வரிகளை நிறுத்திச் சோதிக்க நேரமில்லை. பத்து லட்சத்தில் நூறு வரி போனாலும் விகிதம் மாறாது. கூகுளின் 2004 கட்டுரையிலேயே, புரோகிராமைத் திரும்பத் திரும்பக் கவிழ்க்கும் வரிகளைத் தாண்டிப் போக ஒரு வழி சொல்லப்பட்டிருக்கிறது. பெரிய அளவில் புள்ளிவிவரம் எடுக்கும்போது சில வரிகளை விட்டுவிடுவதில் தப்பில்லை என்பது அவர்கள் வாதம். அந்த வேலைக்கு அது நியாயமான வாதம்.

பிறகு அதே கருவிகள் வங்கிக்குப் போயின. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குப் போயின. மருத்துவமனைக்கும் அரசாங்க அலுவலகத்துக்கும் போயின. கருவியோடு அதன் பழக்கமும் கூடவே போனது. வருகைப் பதிவேட்டில் ஒரு வரி தொலைந்தால் ஒரு சொடுக்கு தொலைந்தது. பென்ஷன் பட்டியலில் ஒரு வரி தொலைந்தால் ஒரு பாட்டிக்கு அந்த மாதம் பணம் வராது. லட்சத்தில் ஒரு வரி என்று கேட்டால் அற்பமாகத் தெரியும். 1,000 கோடி வரிகளில் அது ஒரு லட்சம் வரி. புள்ளிவிவரக்காரருக்கு அது தசமப் புள்ளிக்குப் பின்னால் உள்ள எண்; வரிக்குச் சொந்தக்காரருக்கு அது முழுசாக ஒன்று.

ஊகத்தின் விலை

காவலாளி இல்லாத வாசலில் மென்பொருளே ஊகிக்கத் தொடங்குகிறது. கட்டங்களின் வகையை நீயே கண்டுபிடி என்று ஸ்பார்க்கிடம் சொல்லிவிட முடியும். ஃபைலை ஒரு முறை கூடுதலாகப் படித்துப் பார்த்து, எல்லாம் எண்ணாகத் தெரிகிறது, எனவே எண் என்று அது முடிவு கட்டும். சென்னையின் எஸ்டிடி கோடு 044, டெல்லியினுடையது 011. எண் என்று முடிவானதும் அவை 44, 11 ஆகிவிடும். முன்னால் நிற்கும் பூஜ்யத்துக்குக் கணக்கில் மதிப்பில்லை, டெலிபோனில் உண்டு. பூஜ்யத்தில் தொடங்கும் வங்கிக் கணக்கு எண்ணுக்கும் இதே கதி. தேதியும் அப்படித்தான். 03/04/2020 என்பது இந்தியாவில் ஏப்ரல் 3. அமெரிக்காவில் மார்ச் 4. இரண்டும் நிஜமான தேதிகள் என்பதால் எந்த இயந்திரத்துக்கும் சந்தேகம் வராது.

ஊகத்தின் வினையை அனுபவித்தவர்களில் மரபணு விஞ்ஞானிகளும் உண்டு. மனித மரபணுக்களில் சிலவற்றுக்கு மார்ச்1, செப்ட்1 என்பது போன்ற சுருக்கப் பெயர்கள் இருந்தன. இந்தப் பட்டியலை எக்ஸெலில் திறந்தால், மார்ச் 1-ஆம் தேதி, செப்டம்பர் 1-ஆம் தேதி என்று அது மாற்றிவிடும். எக்ஸெல் பட்டியலை இணைத்து வெளியான மரபணுக் கட்டுரைகளில் சுமார் ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருப்பதாக 2016-ல் ஓர் ஆய்வு காட்டியது. கடைசியில் 2020-ல் மரபணுக்களுக்குப் பெயர் சூட்டும் குழுவே இறங்கிவந்து மார்ச்1-ஐ மார்ச்எஃப்1 என்றும், செப்ட்1-ஐ செப்டின்1 என்றும் மாற்றியது. மென்பொருளைத் திருத்துவதைவிட மரபணுவின் பெயரை மாற்றுவது சுலபமாக இருந்தது.

இந்திய மொழிகளுக்கு இதில் தனிச் சங்கடம் உண்டு. 1990-களில் தமிழ்நாட்டில் ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியீடு. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டைத் தொடர்ந்து டாம், டாப் என்ற குறியீடுகளை அரசு ஏற்றது. 2010-ல் யூனிகோடுக்கு வந்தது. அதற்கு முன்பு சேமித்த பழைய ஃபைல் ஒன்றை அப்படியே ஏற்றினால், எழுதியிருப்பது யூடிஎஃப்-8 என்றே ஹடூப்பும் ஸ்பார்க்கும் நினைத்துக்கொள்ளும். பெயர் இருந்த இடத்தில் கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறிகள் முளைக்கும்.

இது கண்ணுக்குத் தெரியும் கோளாறு. தெரியாத கோளாறும் ஒன்று உண்டு. 'கோவை' என்று யூனிகோடில் இரண்டு விதமாக எழுத முடியும். ஓகாரக் குறியை ஒரே எழுத்தாகப் போடலாம். அல்லது ஏகாரக் கொம்பையும் காலையும் தனித்தனியாகப் போடலாம். திரையில் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. ஃபைலுக்குள் முதலாவது 12 பைட், இரண்டாவது 15 பைட். ஊர்வாரியாகக் கணக்கெடுக்கச் சொன்னால் இரண்டு கோவைகள் வரும். மக்கள் இரண்டாகப் பிரிவார்கள். ஒரு பட்டியலில் உள்ள கோவையை இன்னொரு பட்டியலில் உள்ள கோவையோடு பொருத்தச் சொன்னால், அப்படி ஓர் ஊரே இல்லை என்று பதில் வரும். வங்காளியிலும் மலையாளத்திலும் ஒகர ஓகாரக் குறிகளுக்கு இதே கதைதான். ஏற்றும்போதே எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் முறை ஒன்றை யூனிகோடு வைத்திருக்கிறது. அதைச் செய் என்று யாராவது சொன்னால்தான் நடக்கும்.

15,841 பேர்

இதெல்லாம் என்ஜினீயர்களின் கவலை என்று நினைப்பவர்கள் 2020 அக்டோபரில் இங்கிலாந்தில் நடந்ததைப் பார்க்க வேண்டும். அங்கே யானையும் இல்லை, நூறு கம்ப்யூட்டர்களும் இல்லை. இருந்தது சிஎஸ்வி ஃபைலும் அதை ஏற்றும் வாசலும் மட்டும்தான். கொரோனா பரிசோதனை முடிவுகளைச் சோதனைக்கூடங்கள் சிஎஸ்வி ஃபைல்களாக அனுப்பின. பொதுச் சுகாதார அமைப்பு அவற்றை எக்ஸெலின் பழைய வடிவத்தில் ஏற்றிக்கொண்டது. அந்தப் பழைய வடிவம் 65,536 வரிசைகளுக்கு மேல் தாங்காது. ஒரு நோயாளிக்கே பல வரிசைகள் தேவைப்பட்டன. நிரம்பியதற்கு மேல் வந்தவை ஏறாமலே போயின. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரையிலான நாட்களில் தொற்று உறுதியான 15,841 பேர் அரசின் அன்றாடக் கணக்கில் விடுபட்டார்கள்.

அவர்களுக்குத் தங்கள் பரிசோதனை முடிவு தெரிவிக்கப்பட்டிருந்தது. ஆனால் அவர்களோடு பழகியவர்களைத் தேடிப்பிடித்து எச்சரிக்க வேண்டிய குழுவுக்குப் பட்டியல் போய்ச் சேரவில்லை. ஒரு வாரம் வரை அந்த உறவினர்களும் சக ஊழியர்களும் பஸ்ஸிலும் ரயிலிலும் அலுவலகத்திலும் எதுவும் தெரியாமல் நடமாடினார்கள். ஃபைலில் பிழை இல்லை, சோதனைக்கூடத்தில் பிழை இல்லை. வந்த வரிகள் எத்தனை, ஏறிய வரிகள் எத்தனை என்று வாசலில் நின்று எண்ண ஆள் இல்லை.

எண்ணி இறக்குவது

சரி, காவலாளியைத் திரும்பக் கூப்பிட்டால் தீர்ந்ததா? அவ்வளவு சுலபமில்லை. கோளாறான வரி எதிர்ப்பட்டால் என்ன செய்வது என்பதற்கு ஸ்பார்க் மூன்று வழிகளைத் தருகிறது. முதலாவது, தெரியாத இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு மேலே போவது. யாரும் எதுவும் சொல்லாவிட்டால் இதுதான் நடக்கும். இரண்டாவது, அந்த வரியையே தூக்கி எறிவது. மூன்றாவது, முதல் கோளாறிலேயே மொத்த வேலையையும் நிறுத்துவது. மூன்றாவதுதான் நேர்மையானது என்று தோன்றும். ஆனால் மாதக் கடைசி இரவில், ஒரு லட்சம் பேரின் சம்பளப் பட்டியல் ஏறிக்கொண்டிருக்கும்போது, யாரோ ஒருவரின் விலாசத்தில் ஒரு மேற்கோள் குறி குறைகிறது என்பதற்காக அத்தனை பேரின் சம்பளமும் நின்றால் அது நியாயமா? இரவுப் பணியில் இருக்கும் என்ஜினீயர் முதல் வழியைத் தேர்ந்தெடுத்துவிட்டுத் தூங்கப் போவதில் ஆச்சரியம் இல்லை. அவரைக் கேட்பவர்கள் எல்லோரும் 'முடிந்துவிட்டதா' என்று மட்டுமே கேட்கிறார்கள்.

நடுவில் ஒரு வழி உண்டு. அது எந்தக் கிடங்கிலும் நடப்பதுதான். லாரியிலிருந்து மூட்டை இறங்கும்போது வாசலில் கணக்கப்பிள்ளை நிற்கிறார். சீட்டில் 400 மூட்டை என்று இருந்தால், இறங்கியது 400-தானா என்று எண்ணுகிறார். கிழிந்த மூட்டைகளைத் திருட்டுத்தனமாக உள்ளே தள்ளுவதும் இல்லை, அதற்காக லாரியைத் திருப்பி அனுப்புவதும் இல்லை. ஓரமாக அடுக்கிவைத்து, கிழிந்தது எட்டு என்று சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுகிறார்.

டெக்ஸ்ட் ஃபைலுக்கும் அதே கணக்குதான். அனுப்பியவர் எத்தனை வரி அனுப்பினேன் என்று தனியாக எழுதிக் கொடுக்க வேண்டும். கட்டங்களின் வகையை ஊகத்துக்கு விடாமல், இது எண், இது எழுத்து, இது நாள்-மாதம்-வருடம் என்று மனிதர் ஒருவர் எழுதிவைக்க வேண்டும். பொருந்தாத வரியை அப்படியே தனி இடத்தில் சேர்க்க வேண்டும். ஸ்பார்க்கிலேயே அதற்கென்று ஒரு கட்டம் ஒதுக்க வழி இருக்கிறது. ஏறியதும் ஒதுக்கியதும் சேர்ந்தால் வந்த எண்ணிக்கைக்குச் சமமாக வேண்டும். தொகைகளின் கூட்டுத்தொகையையும் ஒப்பிட்டால், ஒரு ரூபாயாகச் சுருங்கிய 1,25,000 அங்கேயே அகப்படும். அனுப்பிய மூல ஃபைலைத் தொடாமல் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். பிழை ஆறு மாதம் கழித்துத் தெரிந்தாலும் திரும்ப ஏற்றிக்கொள்ள முடியும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒதுக்கிய வரிகளை மறுநாள் காலையில் பார்க்க வேண்டியவர் யார் என்று பெயர் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும். பெயர் இல்லாத பொறுப்பு யாருடைய பொறுப்பும் அல்ல.

இதற்கு ஆகும் செலவு அதிகமில்லை. வரிகளை எண்ணுவது இந்த இயந்திரங்களுக்கு மிகச் சுலபமான வேலை. 100 விநாடியில் ஒரு டெராபைட்டைப் படிப்பவற்றுக்கு அதை எண்ணத் தெரியாதா? தெரியும். எண்ணச் சொல்வதற்குத்தான் ஆள் வேண்டும். பட்டியலில் பெயர் இல்லை, கம்ப்யூட்டர் காட்டவில்லை என்று கவுண்டரில் பதில் வரும்போது, எதிரில் நிற்பவருக்குக் கேட்க ஒரு கேள்வி இருக்கிறது: எத்தனை வரி வந்தது, எத்தனை ஏறியது, மிச்சம் எங்கே? அந்த அலுவலகத்தில் யாரிடமாவது விடை இருந்தால், அவருடைய பெயரும் அங்கேயே கிடைத்துவிடும்.